பாய் சீட்டும் வாடகை சைக்கிளும்

"மதிப்பீடு கேட்டவருக்கு அன்றே, அந்த இடத்திலேயே, எழுத்தில் மதிப்பீடு கொடுக்கப்படும். கொடுத்தபின் அது ஏற்றப்படவோ இறக்கப்படவோ மாட்டாது."

எங்கள் கம்பெனியின் விதி எண் நான்கு இது. எழுதியவன் நான். தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறையில் ஆணியடித்து மாட்டியவனும் நான். அந்த விதியை மீறியவர் முதலாளி ரஹீம் பாய். மீறியதற்கான தண்டனையை அனுபவித்தவன் மறுபடியும் நான். சுமார் ஏழு மாதம். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த காலம் வேறில்லை என்பதை இப்போது சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் என் தங்கை மகன் தன் வீட்டு வெளிச்சுவரைக் கழுவ ஆள் தேடினான். போனில் நாலு படம் எடுத்து அனுப்பினான். டீ ஆறுவதற்குள் விலை வந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா, ஆளே வரல, எஸ்டிமேட் வந்துட்டுது" என்றான். ஆள் வராமல் கொடுத்த எஸ்டிமேட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஆள் போயே தவறாகக் கொடுத்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி என்று சொன்னது மரியாதைக்காக. இரண்டு ஏணி, சாரம் கட்ட ஒரு கட்டு சவுக்குக் கம்பு, தேங்காய் நார்க் கயிறு, சுரண்டிகள், கம்பி பிரஷ்கள், பதினோரு ஆட்கள், ஒரு தட்டச்சு இயந்திரம். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. பெரம்பலூர்ப் பக்கம் ஐப்பசி மழை விட்டால் சுவரெல்லாம் கரும்பாசி. அரியலூர்ப் பக்கம் லாரிகள் கொட்டிக்கொண்டு போகும் சிமெண்டுத் தூசி. அது சுவரில் படியும். இரவுப் பனி அதை நனைக்கும். பகல் வெயில் அதைக் காயவைக்கும். இரண்டு வருஷத்தில் சுவர்மேல் இன்னொரு மெல்லிய சுவர் பொருக்காக எழும்பிவிடும். அதன்மேல் சுண்ணாம்பு அடித்தால் ஒரே மாதத்தில் அப்பளம் மாதிரி உரியும். அதனால் வெள்ளையடிக்கிறவர்கள் "மொதல்ல பொருக்க எடுங்க, அப்புறம் எங்களக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த "மொதல்ல" என்ற சொல்லில்தான் பாய் தொழில் நடத்தினார். "வெள்ளையடிக்கிறவன் வர்றதுக்கு முந்தின நாள் வர்ற ஆளு நாம" என்பார்.

நான் பி.ஏ. பொருளாதாரம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தட்டச்சு. ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாக இரண்டு வருடம் இருந்து, தற்காலிகம் என்ற சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தவன். அங்கே மதிப்பீடு தயாரிக்கக் கற்றிருந்தேன். ஆகவே பாயிடம் சேர்ந்ததும், பெரம்பலூரில் ஒரு ரைஸ் மில்காரர் வீட்டுச் சுவருக்கு நான் கொடுத்த முதல் மதிப்பீடு ஒன்பது நாள் எடுத்தது. பதினான்கு பக்கம். வரைபடம் ஒன்று, இணைப்பு இரண்டு.

பாய் அதை நின்றபடியே பதினான்கு பக்கமும் படித்தார்.

"ரொம்ப அழகா இருக்குதுங்க தம்பி. பத்திரமா வச்சுக்கங்க."

"அவருக்கு அனுப்ப வேண்டாமா பாய்?"

"அவரு மச்சான் நேத்தே நாலு ஆள வச்சுத் தேச்சு முடிச்சுட்டாருங்களே."

பாயின் கோபத்தை மரியாதையை வைத்துத்தான் அளக்க முடியும். சாதாரணமாக எல்லோரையும் 'வா, போ' என்பார். லேசாகக் கோபம் வந்தால் 'வாங்க, போங்க'. அன்று எனக்கு மூன்று 'ங்க' விழுந்தது. மறுநாள் என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய்த் தன் முறையைக் காட்டினார். அதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படலாம்.

சுவருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு டீ குடிக்க வேண்டும். டீ முடியும்வரை சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. கறை எந்தப் பக்கம், மரக்கிளை எங்கே உரசுகிறது, கரண்டுக் கம்பி எவ்வளவு கிட்டத்தில் போகிறது, குளவிக்கூடு உண்டா, இவ்வளவும் அந்த ஒரு டீக்குள் தெரிந்துவிடும். அடுத்து சைக்கிள். முன்சக்கரக் கம்பி ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். சுவரை ஒட்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கட்டிடத்தை ஒரு சுற்று வர வேண்டும். துணி கீழே வரும்போதெல்லாம் ஒன்று. பாயின் சைக்கிள் சக்கரம் ஒரு தடவை உருண்டால் ஏழடி நாலு அங்குலம். அதை அவரே அளந்து மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் '7-4' என்று எழுதியிருந்தார்.

உயரத்துக்கு அளவு பாயேதான். சுவரோரம் கையைத் தூக்கி நிற்பார். அது ஏழடி. நான் தள்ளி நின்று, பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சுவரில் எத்தனை பாய் அடங்குகிறார் என்று எண்ண வேண்டும். "ரெண்டரை பாய்" என்று கத்துவேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிற்பாடு நான் தனியாகப் போக ஆரம்பித்தபோது யாராவது ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்துத் தள்ளி நிற்கவைத்து, சுவரோரம் நின்று என்னையே அளவாகக் கொள்ள வேண்டியதாயிற்று. நான் குள்ளம். கையைத் தூக்கினாலும் ஆறரை அடிதான். அதனால் எனக்கு எல்லாக் கட்டிடமும் எண்ணிக்கையில் சற்று உயரமாகவே வரும்.

கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீர். நெஞ்சுயரத்தில் சுவரில் வீச வேண்டும். சுவர் உடனே குடித்துவிட்டால் லேசான அழுக்கு. வழிந்து ஓடினால் பொருக்கு. முத்து முத்தாக நின்றால் எவரோ எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருக்கிறார், ஆள் கூடுதல். பிறகு ஒரே ஒரு கேள்வி: "தண்ணி எங்கேருந்து எடுக்கணும்?" அவ்வளவுதான். கார்பன் வைத்த சீட்டுப் புத்தகத்தில் நீளம், உயரம், ஆள், நாள், விலை ஐந்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இருபது நிமிஷம்.

ஜன்னலைக் கழிப்பதில்லை. இதற்கு மட்டும் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள்.

"ஏன் பாய், ஜன்னலு ஓட்டதானே? ஓட்டையக் கழுவவா காசு?"

"ஓட்டையக் கழுவலிங்க. ஓட்டையச் சுத்தி நாலு ஓரம் இருக்குங்களே, அதக் கழுவுறோம்."

ஒரு வருடத்தில் அந்தச் சீட்டுக்கு நாங்கள் எதிர்பாராத ஒரு மதிப்பு வந்தது. வெள்ளையடிக்கிறவர்கள் தனியாக அளப்பதை விட்டுவிட்டார்கள். "பாய் சீட்டு இருக்கா? குடுங்க" என்று வாங்கி, அதிலுள்ள நீளம், உயரத்தை வைத்தே தங்கள் விலையைச் சொல்லிவிடுவார்கள். ஓடு மாற்றுகிறவர், கொத்தனார், தகரக் கூரைக்காரர் எல்லோரும் அப்படியே. ஒரு வீட்டுக்கு எங்கள் சீட்டு போய்விட்டால் அந்த வீடு அளந்தாகிவிட்டது என்று அர்த்தம். இது யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. தானாக வந்த வழக்கம். பாய்க்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வெளியே காட்ட மாட்டார். யாராவது "பாய் சீட்டு" என்று சொன்னால் தொப்பியைக் கழற்றி, ஊதி, மறுபடி போட்டுக்கொள்வார்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஓர் ஆவணி மாதம் அரியலூரிலிருந்து கடிதம் வந்தது. ஓர் அலுவலகம். எந்தத் துறை என்பது இப்போது யாருக்கும் உதவாது. அவர்களுடைய கிடங்கின் வெளிச்சுவரைச் சுத்தம் செய்ய மதிப்பீடு கேட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்த முதல் சர்க்கார் வேலை.

வழக்கமாக வெளியூர் போனால் பாயின் சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போவேன். அன்று பஸ் கூரை முழுக்கச் சின்ன வெங்காய மூட்டை.

"சைக்கிள மேல போட்டா வெங்காயம் நசுங்கிடும் சார்" என்றார் கண்டக்டர். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். நீங்க மேல ஏறிக்கங்க, சைக்கிள உள்ள உக்கார வைக்கிறேன்."

சைக்கிளை விட்டுவிட்டு ஏறினேன். அரியலூரில் இறங்கி வாடகை சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை நீண்ட நேரம் எடுக்கவில்லை. ஒரு குட்டை சைக்கிளை உருட்டிவந்தார். "ஒங்க ஒசரத்துக்கு இதான் சார் தோது." உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு காலும் தரையில் பட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சைக்கிள் எனக்கென்று செய்யப்பட்டதாகத் தோன்றியது. அந்த மகிழ்ச்சியில், பையிலிருந்த சிவப்புத் துணியை அதன் சக்கரத்தில் கட்டினேன்.

கிடங்கைச் சுற்றி வந்தேன். சக்கரம் தொண்ணூறு தடவை உருண்டது. தொண்ணூறை ஏழடி நாலு அங்குலத்தால் பெருக்கினால் அறுநூற்று அறுபது அடி. மீதம் இல்லாமல் வந்த கணக்கு. மீதம் இல்லாத கணக்கைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. சீட்டு எழுதி, தலைமை எழுத்தர் வைத்திலிங்கம் அவர்களிடம் கொடுத்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பினேன். பத்து நாளில் வேலை எங்களுக்கே என்று உத்தரவு வந்தது. மூன்று பேரில் எங்கள் விலைதான் குறைவாம். மற்ற இருவரும் எந்த சைக்கிளில் அளந்தார்களோ.

வேலை தொடங்கிய காலை, எங்கள் ஆட்களை நடத்தும் அஞ்சலை சுவரடியில் கயிறு போட ஆரம்பித்தார். அஞ்சலைக்கு நாற்பது வயதிருக்கும். விக்கிரமங்கலத்துக்காரர். நடவும் களையும் இல்லாத மாதங்களில் கூலிக்கு வந்தவர், சாரத்தில் ஏறிய பிறகு வயலுக்குத் திரும்பவில்லை. "வயல்ல குனியணும், இங்க நிமுரணும். குனிஞ்சது போதும்" என்பார். அவரிடம் அறுபதடிக் கயிறு ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு கயிறு சுவர். பதினோரு ஆள், அறுநூற்று அறுபதடி. எவ்வளவு பொருத்தம் என்று நான் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிடங்கின் மறுபக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"பாய், இங்க வாங்க. ரெண்டு ஆளு மிச்சம்."

"மிச்சமா? கூட யாரு வந்தா?"

"கூட யாரும் வரல. சொவருதான் முழுசா வரல."

போய்ப் பார்த்தோம். ஒன்பதாவது ஆளுக்கே பாதிச் சுவருக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைத்திருந்தது. பத்தாவது ஆளும் பதினோராவது ஆளும் கையில் சுரண்டியோடு, முதல் ஆளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

எனக்கு முதலில் தோன்றியது நடைமுறைப்படியான பதில்தான். "கயிறு இழுபட்டு நீண்டிருக்கும்" என்றேன்.

"நேத்து வரைக்கும் நீளாத கயிறு, ஒங்க சீட்டப் பாத்து நீண்டுக்கிச்சாக்கும்" என்றார் அஞ்சலை. பதினோரு பேரும் சிரித்தார்கள். சுவர் கிடைக்காத இரண்டு பேர் கூடுதலாகச் சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. "எந்த சைக்கிள்ல அளந்தீங்க?" என்றார்.

அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அளக்க ஒரு நூலை எடுத்துக்கொண்டு வாடகைக் கடைக்கு ஓடினேன். என் உயரத்துக்குத் தோதான அந்த சைக்கிளின் சக்கரம் ஒரு தடவை உருண்டால் ஐந்தடி ஒன்பது அங்குலம். தொண்ணூறால் பெருக்கினேன். ஐந்நூற்றுப் பதினேழரை அடி. இல்லாத சுவர் நூற்று நாற்பத்திரண்டரை அடியை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

திரும்பி வந்து சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆபீசுக்கு ஒரு காகிதம் எழுதுங்க சார். அளவு தப்பு, சரியான அளவு இது, அதுக்கு ஏத்தாப்புல வெலயக் கொறச்சுக்கங்கன்னு" என்றார்.

முதல் தடவையாக என்னை 'சார்' என்றார். 'ங்க'வுக்கு மேலே அப்படி ஒரு படி இருப்பதே அன்றுதான் தெரியும். இருந்தாலும் விதி விதிதானே.

"விதி நான்குப்படி கொடுத்த மதிப்பீட்டை இறக்கக் கூடாது பாய்."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே அடிச்சுடுங்க. சார், நான் வெலயப் பத்திப் பேசல. இந்தச் சீட்ட வச்சு இன்னும் எத்தன பேரு வெல போடுவான்? வெள்ளையடிக்கிறவன் போடுவான். கூரைக்காரன் போடுவான். அத்தன பேரும் இல்லாத சொவத்துக்குப் போடுவான். கேட்டா, பாய் சீட்டும்பான்." தொப்பியைக் கழற்றினார். ஊதவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். "அந்த ஆபீசு, ஆமா நீ திருத்துனதுதான் சரின்னு ஒரு காகிதம் குடுக்கட்டும். அது வர்ற வரைக்கும் நீங்க சீட்டு எழுத வேணாம்."

"அதுவரை நான் என்ன செய்றது?"

பாய் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை என்னைப் பார்த்தார். "சாரத்துல ஒரு எடம் இருக்குது" என்றார்.

அலுவலகச் சுவரில் பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள்: 'கடிதங்களுக்குப் பதினைந்து நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்.' அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த வைத்திலிங்கத்திடம் கடிதத்தைக் கொடுத்தேன். பதினைந்து நாள் சாரத்தில் நிற்க முடியாதா என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சாரத்தில் முதல் நாள்.

"பி.ஏ. சார், பிரஷ்ஷத் திருப்பிப் புடிங்க. கம்பி இருக்குற பக்கம் சொவத்துக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா மரப்பக்கத்துல தேய்க்கிறீங்க? பட்டம் வாங்குனா சொவரு பயந்துக்கும்னு நெனச்சீங்களோ?"

அந்தக் கிடங்கு முடிந்தது. ஒன்பது பேர் வேலையைப் பன்னிரண்டு பேர் செய்தோம், பன்னிரண்டாவது நான். பாய் சரியான அளவுக்கே பில் போட்டார். அது உத்தரவில் உள்ள அளவோடு ஒத்துப்போகாததால் என் கடிதம் இருந்த ஃபைலிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. நாங்கள் செந்துறைக்குப் போனோம். பிறகு மீன்சுருட்டியில் ஒரு மில். பதினைந்து நாள் இரண்டு தடவை கழிந்தது. அரியலூர் வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி வைத்திலிங்கத்தைப் பார்ப்பேன்.

நல்ல மனிதர். என்னைப் போலவே நடைமுறை தெரிந்தவர். அதுதான் சிக்கல்.

"ஏத்திக் கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே பதில் போட்டிருப்பேன் சார்" என்றார். "ஏத்திக் கேட்டா நிராகரிக்கணும். அதுக்கு அச்சடிச்ச தாளே இருக்கு. நீங்க எறக்கிக் கேட்டிருக்கீங்க. இந்த ஆபீஸ் தொடங்கினதிலேருந்து அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல. முன்மாதிரி வேணுமில்ல?"

"தப்பைத் திருத்தத்தானே கேட்கிறோம்?"

"அது எனக்குப் புரியுது. மேல என்ன கேக்குறாங்க தெரியுமா? இதுல அவனுக்கு என்ன லாபம்னு கேக்குறாங்க."

"ஒரு லாபமும் இல்லன்னு எழுதுங்க."

"எழுதினேன். அப்படின்னா சந்தேகத்துக்குரியதுன்னு திரும்பி வந்துட்டுது."

ஐப்பசியில் முதல் நினைவூட்டு. கார்த்திகையில் இரண்டாவது. மூன்றாவது தடவை போனபோது வைத்திலிங்கம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "சார், ஒங்க கை நல்ல கை. மேலிடத்துக்குப் போற குறிப்ப நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நான் காப்பி பண்ணிக்கிறேன்." உட்கார்ந்து எழுதினேன். நான் போட்ட கடிதத்தை நானே பரிசீலித்து, என் கோரிக்கை நியாயமானதே என்று நானே கருத்துத் தெரிவித்து, கிடங்கைச் சங்கிலி போட்டு அளந்து பார்க்கலாம் என்று நானே பரிந்துரைத்தேன். அவ்வளவு நடுநிலையான குறிப்பை நான் அதற்கு முன்பும் பின்பும் எழுதியதில்லை.

இதற்கிடையே சாரத்தில் எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. நான் அதுவரை எழுதிய சீட்டுகளில் நாள் கணக்கு எப்போதும் அரை நாள், முக்கால் நாள் பிசகும். ஏன் என்று கீழே நின்றபோது புரியவில்லை. மேலே நின்றபோது முதல் வாரத்திலேயே புரிந்தது. கூரை இறவாணத்துக்குக் கீழே கடைசி மூன்றடி இருக்கிறதே, அதைத் தேய்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தேய்த்த பொருக்கு முழுக்கக் கண்ணிலும் வாயிலும் விழும். கீழே பத்தடிக்கு ஆகும் நேரம் அந்த மூன்றடிக்கு ஆகும்.

"இத ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லல?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? சைக்கிளத் தள்ளிக்கிட்டு சாமி ஊர்வலம் மாதிரி ஒரு சுத்து வந்தீங்க, சீட்டக் கிழிச்சீங்க, போயிட்டீங்க."

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். அவர் வேலையை அடியில் கணக்கிடுவதில்லை, குடத்தில் கணக்கிடுவார். சுவரைப் பார்த்து "இது நானூறு கொடம்" என்பார். மாலையில் எண்ணினால் பத்துக் குடம்கூட வித்தியாசம் வராது. எப்படி என்று கேட்டால், "தூக்குறவளுக்குத் தெரியாதா?" என்பார். சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்த சீட்டுப் புத்தகங்களின் கார்பன் பிரதிகளைப் புரட்டி, நான் எழுதியதையும் அவர் குடத்தையும் ஒத்துப் பார்ப்போம். நான் தவறிய இடங்களில் எல்லாம் மற்றப் பத்துப் பேரும் கைதட்டுவார்கள். கம்பங்கூழும் மோர் மிளகாயும் அவ்வளவு ருசியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருபத்தேழு வயதில் எனக்கு முதல் தடவையாகப் பசி என்றால் என்ன, தூக்கம் என்றால் என்ன என்று தெரிந்தது. எனக்குத் தோள் முளைத்தது. சட்டை இறுக்கமாயிற்று.

கீழே நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. சீட்டு எழுத நான் இல்லாததால் பாயே போனார். இருபது நிமிஷம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இருபது நிமிஷம் போதவில்லை. போன இடமெல்லாம் அவரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் பேசினார். பேசினால் சாப்பிடச் சொன்னார்கள். ஜெயங்கொண்டத்துக்கு ஒரு சுவரை அளக்கப் போனவர் மறுநாள் மத்தியானம் வந்தார், சுவரை அளக்காமல். மார்கழியில், பொங்கலுக்கு முன் எல்லோரும் கேட்கும் நேரத்தில், பதில் சொல்லாத மதிப்பீடுகள் பதினேழு நின்றன. எனக்குக் கை அரித்தது. மாலையில் கம்பெனி அறைக்குத் திரும்பினால் சீட்டுப் புத்தகம் பாயின் மேசையில் பத்தடி தூரத்தில் கிடக்கும். தொட முடியாது.

அஞ்சலைதான் எனக்காகப் பேசினார்.

"பாய், போதும், அவர அனுப்பிடுங்க."

"நல்லாத்தானே செய்யிறான்?"

"நல்லாச் செய்யிறாரு. அவரு தேச்ச சொவத்த நாங்க மறுபடி தேய்க்க வேண்டியிருக்கு, அதச் சொல்றேன்."

"காகிதம் வரட்டும்."

"காகிதம் வராட்டி?"

"இன்ஷா அல்லா, வரும்."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நான் ஆபீசில் வேலை பார்த்தவன். வராது என்றே முடிவு செய்திருந்தேன். வராவிட்டால் நான் இனி சீட்டு எழுதப் போவதில்லை. எழுத முடியாத இடத்தில் எவ்வளவு நாள் தட்டச்சு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது? பங்குனியோடு கிளம்பிவிடலாம் என்று யோசித்து, திருச்சியில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம்கூட எழுதிவைத்திருந்தேன். தபாலில் போடவில்லை.

செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் நின்றுகொண்டிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி பாய் வேகமாக வந்தார். கையில் காக்கி உறை. பிரிக்கவில்லை. சாரத்தின் அடியில் நின்று அதை ஒரு கம்பு நுனியில் செருகி என் பக்கம் நீட்டினார்.

"படி. எல்லாருக்கும் கேக்குறாப்புல படி."

படித்தேன்.

"பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தில் கோரியவாறு, பொருளில் கண்ட கிடங்கின் சுற்றளவு இவ்வலுவலகப் பணியாளர்களால் சங்கிலி கொண்டு நேரில் அளக்கப்பட்டதில், அது 518 அடி என அறியப்படுகிறது. எனவே தாங்கள் திருத்தித் தெரிவித்த 517½ அடி என்ற அளவு சரியானதென ஏற்கப்படுகிறது. முந்தைய மதிப்பீடு திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்."

"அதுல என்னதான் சொல்லியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க" என்றார் அஞ்சலை.

"தமிழ்லதாம்மா இருக்கு."

"இது தமிழா?"

"நான் எழுதுனது சரின்னு போட்டிருக்காங்க."

சாரம் ஆடியது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் குதித்தால் சவுக்குக் கம்பு தாங்காது என்று எனக்கு அப்போது நினைவு வரவில்லை. பாய் கீழே நின்று தொப்பியைக் கழற்றி, இரண்டு தடவை ஊதினார்.

"இன்னொரு பாரா இருக்கு பாய்."

"படி."

"மேற்படி இரு அளவுகளுக்கும் இடையே காணப்படும் அரை அடி வேறுபாட்டுக்கான விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் சமர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது."

முதலில் அஞ்சலைக்குச் சிரிப்பு வந்தது. அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். தலைமையாசிரியர் வெளியே வந்து என்ன விபத்து என்று விசாரித்தார். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். உள்ளே புதுக் கார்பன் வைத்திருந்தார்.

"எறங்கு தம்பி. ஜெயங்கொண்டத்துல ரெண்டு நிக்குது, மீன்சுருட்டியில ஒண்ணு. சாயந்திரத்துக்குள்ள குடுத்துட்டு வந்துடு."

"இந்த மூணடிய முடிச்சிட்டு வரேன் பாய்."

"ஐயய்யோ, வேணாம் சார்" என்றார் அஞ்சலை. "நாங்க முடிச்சுக்கிறோம். நீங்க போயி எழுதுங்க. மேல் மூணடியத் தனியாப் போட மறந்துடாதீங்க."

இறங்கினேன். உறையைத் திருப்பிப் பார்த்தேன். நடைமுறை தெரிந்தவனுக்குத் தேதி பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் கடிதம் செப்டம்பர் தொடக்கத்தில் கொடுத்தது. பதிலின் தலைப்பில் பிப்ரவரித் தேதி ஒன்று இருந்தது; அரியலூர்த் தபால் முத்திரை அதற்குப் பதினெட்டு நாள் பின்னால் இருந்தது. கடிதத்தை மடித்து, மேல் மூலையில் பென்சிலால் 'வரப்பெற்ற நாள்' என்று எழுதி, அன்றைய தேதியைக் குறித்தேன்: மார்ச் பதினைந்து, புதன்கிழமை.